வாசக்கால் தச்சன் செய்த கிட்டார்

முதலில் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பென்சிலைப் பிடித்து எழுதியதைவிடக் காதில் செருகிக்கொண்டதுதான் அதிகம். (மகள் திருத்திக் கொடுத்திருக்கிறாள். இன்னும் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.)

திருவண்ணாமலையில் கதவு, ஜன்னல், வாசக்கால் செய்கிறேன். மரத்தோடு நன்றாகப் பேசுவேன், மனிதர்களோடு அவ்வளவாக இல்லை. வீட்டுக்காரர் அளவு சொன்னால் தலையாட்டுவேன். அவர் தெருமுனை தாண்டிய பிறகு “சரிங்க” என்பேன்.

அப்படிப்பட்டவனிடம் மகள் கலைச்செல்வி ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கிட்டாரை வரைந்து நீட்டினாள்.

“கடையில விக்கிறதெல்லாம் எனக்குப் பெருசுப்பா. மடியில வெச்சா தாடையில இடிக்குது. இந்த அளவுல ஒண்ணு பண்ணிக் குடு. சும்மாவும் வாசிக்கணும், ஒயர் சொருகி ஸ்பீக்கர்லயும் வாசிக்கணும்.”

விஷயம் இதுதான். எங்கள் ஊர் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார்காரர் துபாய்க்குப் போய்விட்டார். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பில் அவளை வாசிக்கவிட்டுப் பார்ப்பதாகக் குழுத் தலைவர் சேகர் சொல்லியிருந்தார். நன்றாக வாசித்தால் அந்த இடம் அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆள். அவள் மூன்று வருஷமாகக் காத்திருந்த இடம் அது.

மூன்று அங்குலக் கட்டையை இழைத்துப் பழகிய கை, கிட்டாரின் மேல்பலகையை நகத்தின் கனத்துக்கு இழைத்தால் என்ன ஆகும்? இரண்டு பலகை கிழிந்தது. பக்கப் பலகையை நனைத்துச் சூடான இரும்புக் குழாயில் வளைத்தேன். ஒன்று உடைந்தது, இன்னொன்று முறம் மாதிரி வந்தது. மூன்றாவது மாதம்தான் கிட்டாராகத் தெரிந்தது. கம்பி உட்காரும் கட்டைக்கு அடியில் பிக்கப் என்ற மெல்லிய பட்டையை வைத்தோம். பலகையின் சின்ன அதிர்வைக்கூடப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சாமான் அது.

முதுகுப் பலகையை ஒட்டி மூட வேண்டிய நாளில்தான் என் புத்தி அபாரமாக வேலை செய்தது. வாசக்கால் நிறுத்தும்போது நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது எங்கள் வழக்கம். அதை வைக்காமல் நான் ஒரு வாசக்காலும் நிறுத்தியதில்லை. மனைவி வசந்தாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

“ஊரார் வூட்டுக்கெல்லாம் வெக்கிறீங்க, நம்ம பொண்ணுதுக்கு வெக்காம வுடுவீங்களா?” என்று அவளே முடிந்து கொடுத்தாள்.

உள்மூலையில் பசை வைத்து ஒட்டி, மூடிவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை. (சிரிப்பாளே என்ற பயம்.) வீட்டில் வாசித்துப் பார்த்தபோது மணி மாதிரி கேட்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆனால் கீழ்பென்னாத்தூர் போகிற வேனும் வழியிலிருந்த பள்ளங்களும் வசந்தாவின் முடிச்சைவிடக் கெட்டி.

மண்டபம் நிறைய ஜனம். நான் பந்தி நடக்கும் கதவோரம் வாழைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். கலைச்செல்வி ஒயரைச் சொருகி முதல் தட்டு தட்டினாள். ஸ்பீக்கரில் ‘சளக்!’ இன்னொரு தட்டு. ‘சளக், சளக்!’ தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருந்தது.

சேகர் கீபோர்டை நிறுத்தினார். “இன்னா பாப்பா, உன் கிட்டார்ல மட்டும் மழ பெய்யுது?”

அவள் கிட்டாரைச் சாய்த்தாள். ஓட்டை வழியாக ஒரு மொச்சை மேடையில் விழுந்து உருண்டது. ஒரு நொடி அதையே பார்த்தாள். பிறகு மைக்கிலேயே கூப்பிட்டாள்.

“அப்பா!”

மண்டபமே திரும்பியது. வாழைமரம் என்னை மறைக்கும் அளவுக்குப் பருமன் இல்லை. எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது.

“உள்ள இன்னாப்பா வெச்ச?”

“நவதானியம்மா. வாசக்காலுக்கு வெக்கிற மாதிரி…” என்று காதோடு காதாகத்தான் சொன்னேன். மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பந்தியிலிருந்து இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். நான் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன். ஒயரைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. ஒவ்வொரு கடலையும் பலகையில் மோதி, ஸ்பீக்கரில் ‘டொக், டொக்’ என்று தன் வருகையை அறிவித்துவிட்டு இறங்கியது. “பொங்கலுக்கு ஆகுமாடா?” என்று ஒருவர் கத்தினார். எள் மட்டும் கடைசிவரை முழுசாக வரவில்லை.

சேகர் சிரிக்கவில்லை. “ஒரே பாட்டு. ஜாஸ்தி டைம் இல்ல” என்றார்.

மூன்று வருஷத்தை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து தொலைத்துவிட்டோமே என்று மேடைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கலைச்செல்வி என்னைப் பார்க்கவே இல்லை. முதல் வரிசையில் சிரிப்பு அடங்காமலே அவள் ஆரம்பித்தாள். இரண்டாவது சரணத்தில் சிரித்தவர்களே கைதட்டித் தாளம் போட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் சேகர் சொன்னார்: “இவ்ளோ சிரிப்புக்கு நடுவுல ஒரு எடத்துல கூட தாளம் தப்பல. நாளைக்கு ரிகர்சலுக்கு வந்துடு பாப்பா. அப்பாவ வூட்ல வுட்டுட்டு வா.”

பிறகுதான் நான் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை சாம்பார் வாங்கினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், சாவியோ ரேஷன் கார்டோ, “கிட்டார குலுக்கிப் பாரு” என்பார்கள். அந்தக் குழுவிலேயே இன்னொருவருக்கும் இப்போது ஒரு கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். இன்று காலை முதுகுப் பலகைக்குப் பசை தடவினேன். மூட விடவில்லை. மகள் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள், வசந்தா என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான், “ம், மூடுங்க” என்றார்கள்.

எழுதி முடித்தது: ஆவணி 12, வியாழக்கிழமை.