எதோட ஒப்பிடும்போது?

ஒப்பீட்டு ஆய்வாளர் என்றொரு இனம் உண்டு. சமூகவியல் முதுகலை வகுப்பில் ஆய்வு முறைகள் பாடம் ஆரம்பித்த சில வாரங்களில் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்கு முன் நம்மைப் போலத்தான், டீ நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குடிக்கும். பிறகு கேட்கும்: "எதோட ஒப்பிடும்போது?"

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விடுதியில் 'எதோட' என்பதே பெயராகிவிட்டது. வெயில் அதிகம் என்றால் எதோட, அறை சின்னது என்றால் எதோட, ஊரிலிருந்து அம்மா போன் செய்து "நீ இளைச்சுட்டேன்னு மாமா சொன்னாரே" என்று கலங்கினால், மாமா இதற்கு முன் யார் யாரைப் பார்த்தார், அவர்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார் என்று விசாரணை. அம்மா போனை வைத்துவிடுவார். இவர் அதையும் ஒரு தரவாக எடுத்துக்கொள்வார்.

இரண்டு பஸ் தொழிலாளர் சங்கங்கள்; ஒன்று வேலைநிறுத்தத்தில் ஜெயித்தது, மற்றது தோற்றது, ஏன்? இதுதான் அவருடைய ஆய்வு. பணிமனை பணிமனையாக அவரோடு அலைந்து, டீசல் நாற்றத்தில் நின்று, பேட்டிகளை எல்லாம் எழுதிக் கொடுத்தவள் உடன் படித்த ஒரு பெண். ஒருநாள் நூலகப் படிக்கட்டில் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க. நீ என்ன சொல்றே?"

அவருக்கும் அவள் என்றால் உயிர்தான். ஆனால் பயிற்சி பெற்ற வாய் சும்மா இருக்குமா?

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நான் வேற யாரையும் காதலிச்சதில்லையே. ஒரே ஒரு கேஸை வெச்சு எப்படி முடிவுக்கு வர்றது?"

"அப்போ இன்னொருத்தியைத் தேடப் போறியா?"

"கொள்கை அளவுல சொல்றேன். வயசு, படிப்பு எல்லாம் உன்னை மாதிரியே இருக்கணும். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் மாறணும்."

"எதுல?"

"அதைத்தான் இன்னும் முடிவு பண்ணல."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "முடிவு பண்ணிட்டு அவகிட்டயே சொல்லு." இறங்கிப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர். அவளிடம் ஒரே ஒருமுறை பேசிவிட்டுச் சம்மதம் என்று சொன்னவர். முறையியல் கிஞ்சித்தும் இல்லை.

'எதோட' அவள் கல்யாணத்துக்குப் போனார். மேடையில் அவள் மாப்பிள்ளை சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமா இருக்கா, இல்ல?" என்றான் பக்கத்திலிருந்த நண்பன்.

'எதோட' வாயைத் திறந்தார். வழக்கமான கேள்வி வரவில்லை. எதோடு என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"ஆமா," என்றார்.

ஆய்வேட்டுக்கு முதல் வகுப்பு கிடைத்தது.

"நல்லவேளை, நான் இந்த ஆள் அளவுக்கு மோசமில்லை" என்று உங்களுக்குத் தோன்றியிருக்குமே? பார்த்தீர்களா, இப்படித்தான் ஆரம்பிக்கும்.