மோதல் சாரும் ஒரு முழ ஜரிகையும்

காஞ்சிபுரத்தில் சாமியைத் தவிர வேறு எதைப் பார்த்தாலும், "இதை இன்னொன்றோடு மோதவிட்டால் என்ன ஆகும்?" என்று யோசித்த ஒரே ஆள் எங்கள் மாடியில் குடியிருந்த மோதல் சார்தான். கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். அணுக்களை மோதவிடுவது ஆராய்ச்சி. வாலாஜாபாத் பஸ்ஸில் ஒருத்தர் இடித்துத் தள்ளியபோது, "என்னா ஸ்பீடுல வந்தீங்க?" என்று நோட்டும் கையுமாக அவரைத் துரத்தியவர்.

உலோகத்தில் மின்பொறி தெறிக்கவிட்டு, அந்த வெளிச்சத்தை நிறக் கோடுகளாகக் குழாய் வழியே பார்க்கும் பொறிப்பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. மாடியில் அதைப் போட்டால் கீழே எங்கள் ஃப்யூஸ் போய்விடும். பாதி அரைத்த சட்னியோடு என் மனைவி மாடிப்படியில் நின்று கத்துவாள். சார் என்னிடம் ரகசியமாகச் சொல்வார்: "மேடம் இப்போ கிளர்நிலையில இருக்காங்க. அணுவும் இப்படித்தான்பா. அடி வாங்கினா மேல ஏறும், அங்கயே நிக்க முடியாது. எறங்கும்போது வெளிச்சத்த விட்டுட்டு எறங்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம். அத வெச்சே ஆளக் கண்டுபுடிச்சிடலாம்."

முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாக அவருக்குப் பெண் அமைந்தது. பெயர் கோமதி. அப்பா நெசவாளர், மகளுக்காகத் தானே நெய்த புடவையை நிச்சயதார்த்தத் தட்டில் வைத்திருந்தார். நம் ஆள் சும்மா இருப்பாரா? முந்தானையில் தொங்கிய ஜரிகையை ஒரு முழம் உருவி, பையிலிருந்த பொறிப்பெட்டியை அவர்கள் மிக்ஸி பிளக்கிலேயே செருகிவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. பட்பட்டென்று பொறி. குழாயில் கண்ணை வைத்தவர் கூவினார்:

"செம்பு! ஜரிகையில செம்பு இருக்குது!"

கோமதியின் அப்பா தட்டைக் கையில் எடுத்தார்.

"முப்பது வருசமா தறியில குந்திக்கினு இருக்கேன். என்னைப் பார்த்து டூப்ளிகேட்டுன்றியா? கெளம்புங்கபா எல்லாரும்!"

இந்தச் சம்பந்தம் போனால் இந்த மனுஷனுக்கு வேறு யார் பெண் கொடுப்பார்கள்?

"அப்பா, இருப்பா," என்று முன்னே வந்தாள் கோமதி. "ஏங்க, செம்பு இருந்தா போலியா? வெறும் வெள்ளி மெத்துனு இருக்கும், கம்பியா இழுத்தா அந்து பூடும். அதுக்குத்தான் செம்பு சேக்கறாங்க. வெள்ளி இருக்குதான்னு பாத்தீங்களா?"

சார் மறுபடி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. வெள்ளியின் கோடும் பச்சைதானாம். செம்பின் பச்சைக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. முதல் கோட்டைக் கண்ட வேகத்தில் மனுஷன் மற்றதைப் பார்க்கவே இல்லை.

"இருக்குது. நெறைய இருக்குது," என்றார், காது சிவக்க. "மாமா, பெட்டி மேல தப்பில்ல. என் மேலதான். மன்னிச்சிடுங்க."

பெரியவர் தட்டைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கோமதி குழாய் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் காட்டுங்க. ஐய! எம்மாம் பச்சை! நம்ம ஜரிகையாப்பா இது?"

மகள் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார் அவர். "உருவுன எடத்துல மாப்ளதான் குந்தி முடிச்சு போடணும்."

மாப்பிள்ளை சார் ஒன்றரை மணி நேரம் போட்ட அந்த முடிச்சு, முகூர்த்தத்தன்று முந்தானையில் கொழுக்கட்டை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. கோமதி அதை மறைக்கவே இல்லை.

இப்போது இருவரும் வெளியூரில். எங்கள் வீட்டில் ஃப்யூஸ் போவதே இல்லை. சட்னி அரைக்கும்போது என் மனைவி மட்டும் சில நாள் மிக்ஸியைத் தானாகவே நிறுத்திவிட்டு, மாடிப்படியை அண்ணாந்து பார்க்கிறாள். பக்கத்தில் நின்று நானும் பார்க்கிறேன்.