நாலு ஓட்டும் நாலாவது மாடியும்

காட்டூர்,
வியாழக்கிழமை.

அன்பு மச்சான் சதக்கத்துல்லாவுக்கு முகம்மது கனி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா மஜீதாவும் சுகம், அவளுடைய முட்டி நீங்கலாக. அங்கே உன் வீட்டாரும் உன் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க துஆ செய்கிறேன். பாலக்கரை என்ன லண்டனா, இந்த மனுஷன் போனை வைத்துக்கொண்டு ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். விஷயம் இதுதான்: உன் தெருப்பக்கம் எங்களுக்கு உடனே ஒரு வாடகை வீடு பார். இந்த ஃபிளாட்டில் இனி நமக்குப் பாதுகாப்பு இல்லை.

காரணத்தைக் கேள். நாற்பது வீட்டில் நம்மவர்கள் நாலே வீடு. அசோசியேஷன் செக்ரட்டரியாக இத்தனை வருஷமும் வீரமலைதான் இருந்தார். தங்கமான மனுஷன். ரமலானில் மொட்டை மாடியில் நாம் நோன்புக் கஞ்சி காய்ச்சினால், தொப்பி போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருவார், பாங்கு சொல்வதற்கு முன்னாலேயே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வார், போட்டோவும் எடுத்துக்கொள்வார். லிஃப்ட் மட்டும் ஓடாது. மஜீதா இனிமேல் படியே ஏறக் கூடாது என்று புத்தூர் டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லப் போனேன். "பாய், லிஃப்ட் கிடக்கட்டும். நாட்டு நிலைமையப் பாத்தீங்களா? நான் இருக்கிற வரைக்கும் உங்க மேல ஒரு தூசு விழாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வடக்கே எங்காவது கலவரம் என்றால் வருவார், காஸாவில் குண்டு விழுந்தால் வருவார், நாலு மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்து தைரியம் சொல்வார். நானும் டீயைக் கொடுத்து, தைரியத்தை வாங்கிக்கொண்டு, லிஃப்டைக் கேட்க மறந்துவிடுவேன்.

இந்தத் தடவை அவரை எதிர்த்து மாதவன் நின்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து குடிவந்தவர், துவாக்குடியில் மோட்டார் பட்டறை. லிஃப்டை ஓட வைப்பேன் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சம்சாரம் வேணிக்காக மஜீதா கறி போடாமல் தனிச்சட்டியில் கஞ்சி காய்ச்சுவாள், அந்தப் பெண்ணும் தூக்குவாளியோடு வந்து வாங்கிப்போகும். ஆனால் மாதவன் பின்னால் சுற்றுகிற ஒருத்தன், "கஞ்சி கஞ்சின்னு சொல்லியே மொட்டை மாடிய வளைச்சுப் போட்டுடுவாங்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். மாதவன் கண்டிக்க வேண்டாமா? இரண்டு கை கூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் மச்சான்? சரி என்கிறாரா, தப்பு என்கிறாரா, குட்மார்னிங் என்கிறாரா?

உடனே நாலு வீட்டு ஆம்பளைகளும் என் வீட்டில் கூடினோம். ஒருத்தர் தேர்தலையே புறக்கணிப்போம் என்றார். ஒருத்தர் நம்மிலேயே ஒரு ஆளை நிறுத்துவோம் என்றார், யாரை என்றதும் நாலு பேரும் தொண்டையைச் செருமினோம். "லிஃப்ட் இல்லாம செத்தா போயிடுவோம்? மானம் மரியாதையோட இருக்கணும்ல?" என்று வஹாப் பாய் மேஜையில் குத்தினார். அவருக்கென்ன, அவர் இருப்பது தரைத்தளம். கடைசியில் நாலு ஓட்டும் சிந்தாமல் சிதறாமல் வீரமலைக்கே என்று முடிவெடுத்தோம். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு என்ன மரியாதை என்கிறாய்! வீரமலை வந்து கட்டிப் பிடிக்கிறார், மாதவன் வந்து கும்பிடுகிறார், "பாய் ஓட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வெற்றி" என்று வாட்ச்மேன்கூட எழுந்து நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. பத்திரத்தில் யார் பேரோ அவர்தான் போட வேண்டும் என்பது விதி. நாங்கள் நாலு பேரும் சவூதியில் கிடந்தபோது வாங்கிய வீடுகள், பத்திரமெல்லாம் பொம்பளைகள் பேரில். அதனால் அவர்கள் உள்ளே போய்ச் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். அதெல்லாம் சும்மா ஒரு சடங்கு, முடிவு எங்களுடையதுதானே. நாங்கள் வாசலில் நின்று கம்பீரமாக எல்லோருக்கும் கை காட்டினோம்.

அப்படியும் வீரமலை மூணே மூணு ஓட்டில் தோற்றுப்போனார்! "பாய், உங்க நாலும் எனக்குத்தான் விழுந்திருக்கும், தெரியும். மத்த பயலுங்கதான் கவுத்துட்டானுங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். இப்போது நம்மைக் காக்க யார் இருக்கிறார்கள்? மாதவன் மறுநாளே லிஃப்டைப் பிரித்துப் போட்டுவிட்டான். நம்மை மாடியிலேயே அடைத்துவைக்கத்தான் இது என்று வஹாப் பாய் சொல்கிறார். ஆகவே தாமதிக்காமல் வீடு பார். எல்லோருக்கும் என் ஸலாம். அல்லாஹ் உன் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளையும் உன் மைத்துனனுக்கு ஒரு நல்ல வீட்டு ஓனரையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
முகம்மது கனி.

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் மஜீதா பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். அவள் வந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை. எப்போதும் மூணாவது மாடியிலேயே "யா அல்லாஹ்" என்று குரல் வரும். இன்றைக்கு லிஃப்டில் வந்திருக்கிறாள்! அவளும் மற்ற மூணு பொம்பளைகளும் மாதவனுக்குத்தான் போட்டார்களாம். வஹாப் பாய் சம்சாரமுமா என்றேன். அவள்தான் முதலில் சொன்னாளாம். "அந்தக் கைகூப்பு என்னன்னு வேணிகிட்ட நேராவே கேட்டேன். குரூப்புல போட்ட அந்தப் பய ஓட்டும் போயிடுமேன்னு அவ வீட்டுக்காரர் வாயத் திறக்கலயாம். இந்த ரமலானுக்கு யாராவது ஏதாவது சொன்னா நானே கரண்டியோட வந்து நிப்பேன்னு சொல்லிட்டா" என்கிறாள் மஜீதா. உனக்குப் பயமே இல்லையாடி என்று கேட்டேன். "பயமில்லாம என்னங்க? யாரு ஜெயிச்சாலும் அது கூடவேதான் வருது. படி ஏறாமலாவது பயப்படலாம்ல?" என்றுவிட்டு, முட்டியைப் பிடிக்காமல் அடுப்படிக்கு நடந்து போனாள்.

ஆகவே வீடு பார்க்க வேண்டாம். சரி, ஒரேயடியாக நிறுத்தியும்விடாதே. பார்க்கிறதாக இருந்தால் தரைத்தளமாகப் பார்.