பொய் சொல்லும் கொழுப்புக் கருவிகள்

"முப்பத்தொண்ணா? இந்த மிஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு!"

அன்சா கண்ணாடித் தராசிலிருந்து துள்ளி இறங்கினான். காலபார் ஊர் முழுக்க எலும்புக்கூடு என்று பெயர் வாங்கியவன் அவன். சின்ன வயதிலிருந்தே அம்மா போட்ட சோற்றில் பாதித் தட்டைத் தாண்டியதில்லை. அவன் உடம்பில் நூற்றுக்கு முப்பத்தொரு பங்கு கொழுப்பாம்!

தராசு, உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் நண்பன் எஃபியோமுடையது. "கால் வழியா கரண்டு விட்டுப் பாக்குதுடா. தண்ணி குடிச்சா ஒண்ணு சொல்லும், குடிக்கலேன்னா ஒண்ணு சொல்லும்" என்றான் அவன்.

"அப்பாடா! அப்ப இக்வோவுக்குக் காட்டுன இருபத்திரண்டும் பொய்."

இக்வோ அவனுக்கு நிச்சயமான பெண். கல்யாணத்துக்கு முன் மணப்பெண்ணைத் தனி அறையில் உட்கார வைத்து, ஒரு வேலையும் வாங்காமல், ஆக்கிப் போட்டு உடம்பைத் தேற்றுவது அவர்கள் எஃபிக் இனத்து வழக்கம். ஆக்கிப் போடுவது அவள் சித்தி ஆதிம். அன்சாவின் அம்மாவோ ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"தளதளன்னு இருக்கான்னு வாயால சொன்னா நம்ப மாட்டேன். நம்பர் காட்டு. ஏறலேன்னா கல்யாணம் அடுத்த வருஷம்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வருஷமாம்! அன்சாவுக்கு அடுத்த வாரமே தாங்காது.

அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. கருவி ஜன்னல் வழியே உள்ளே போகும், எண் ஜன்னல் வழியே வெளியே வரும். கூடவே ஒரு தட்டும் வரும்.

"சித்தி மலை மாதிரி குவிக்குறாங்க, என்னால முடியல. நீங்க சாப்பிடுங்களேன்!" என்று இக்வோ கெஞ்சுவாள்.

இடித்த கிழங்கு, நத்தை போட்ட கீரைக் குழம்பு. ஆசையாய் நீட்டுகிறவள் மனதை நோகடிக்கலாமா? வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுப்பான்.

அடுத்து, தோலைக் கிள்ளிப் பிடித்து மடிப்பை அளக்கும் இடுக்கி. இக்வோவுக்கு அதே இருபத்திரண்டு. அன்சா இடுக்கியைச் சோதிக்கத் தன் இடுப்பைக் காட்டினான். முப்பத்துநான்கு.

"கிள்ளுற கையைப் பொறுத்ததுடா. ஒரு விரல் தள்ளிக் கிள்ளினாலும் கணக்கு மாறும்" என்றான் எஃபியோம்.

பிறகு நாடா. கழுத்தையும் இடுப்பையும் அளந்து கணக்குப் போட்டால் முப்பத்தாறு.

"என் கழுத்து சின்னதுடா, அதான்!"

எஃபியோம் அன்சாவின் இடுப்பைப் பார்த்தான். நாடாவைச் சுருட்டிக்கொண்டான்.

கடைசியில் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே படுக்கையில் அன்சாவே போய்ப் படுத்தான். "இதைவிடத் துல்லியமா எதுவும் சொல்லாது சார்" என்றார் அங்கிருந்தவர். அது முப்பத்தெட்டு என்றது.

குச்சியைப் போய் முப்பத்தெட்டு என்கிற கருவி, பெண்ணைப் பற்றி மட்டும் உண்மை பேசுமா? இந்த வாதத்தோடு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆதிம் வீட்டுக்குப் போனான்.

இக்வோ வெளியே வந்தாள். போன மாதம் எப்படியோ அப்படியே கொடி மாதிரி இருந்தாள்.

"இவளுக்கு எவ்வளவுடா?" என்றாள் அம்மா.

"இருபத்திரண்டும்மா. ஆனா எந்த மிஷினையும் நம்பாதே! என்னையே பாரு, முப்பத்தெட்டுங்குது!"

நெஞ்சை நிமிர்த்தினான். சட்டையின் நடுப் பொத்தான் தெறித்து அம்மாவின் காலடியில் விழுந்தது.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "முப்பத்தெட்டா! சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டே ஆதிம்!" என்று ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "கல்யாணத்தை இந்தச் சனிக்கிழமையே வெச்சுக்கலாம்!"

"அம்மா, அது என்னோட நம்பரும்மா!"

இக்வோ வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். ஆதிம் சித்தி கையிலிருந்த கரண்டியை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"பின்னே? இத்தனை நாளா இந்த வீட்ல கொழுக்க வெச்சது யாரைன்னு நெனச்சீங்க, மாப்பிள்ளே?"