மூன்று துள்ளலுக்கு மேல்

ஓடுகிற எதிராளியைக் கட்டிப்பிடித்துவிட்டு, மரியாதையாக விட்டும்விடுகிற ரக்பி ஆட்டக்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அணியில் இருந்தார். எழுமலையிலிருந்து தக்காளி ஏற்றி வரும் லோடு வண்டி டிரைவர். ஜல்லிக்கட்டில் திமில் தழுவிப் பேர் வாங்கியதால் எல்லாருக்கும் ‘திமில்’ அண்ணன்.

மதுரைப் பாத்திரக்கடை முதலாளி ஒருவர் தன் கடைப் பெயரில் நடத்திய நாக்-அவுட் கோப்பை அது. ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே. எங்களுக்குப் பனியன் கொடுத்ததும் அவர்தான். “கோப்பை மதுரையை விட்டுப் போச்சுன்னா பனியனைத் துவைச்சுத் தேய்ச்சுக் கொண்டாந்து கொடுத்துரணும். டீமும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படியேறியவன் நான். விதிப் புத்தகத்தை அகராதி வைத்துத் தமிழில் எழுதி எல்லாருக்கும் கொடுத்தேன். மூன்று துள்ளல் வரை திமிலை விடாமல் இருந்தால் மாடு பிடிபட்டதாகக் கணக்கு என்கிற ஜல்லிக்கட்டு விதி அதில் இல்லை என்பது அண்ணனுக்குப் பெரிய குறை.

முதல் ஆட்டம் தல்லாகுளத்தில். பந்தோடு ஓடி வந்தவனை அண்ணன் பாய்ந்து தழுவினார். அவன் துள்ளினான். ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணன் கையை எடுத்துவிட்டு நடுவரைப் பார்த்தார்.

“பிடிமாடு. மைக்ல சொல்லுங்க சார்.”

அதற்குள் அவன் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டான்.

“அண்ணே, கீழ சாய்க்கிற வரைக்கும் விடக் கூடாது. அவன் மாடில்ல, மனுசன்.”

“மனுசன்னா இன்னும் மரியாதையா விடணும்ல மாப்ள? மாட்டுக்கே மூணு துள்ளுதான்.”

“சட்டத்துல அப்படி இல்லண்ணே.”

“திருத்தி எழுது. நீதான எழுதுன?”

அவர் விட்டவர்களை மற்ற பதினான்கு பேரும் துரத்தித் துரத்தியே இறுதி ஆட்டம் வரை வந்து சேர்ந்தோம்.

அங்கே வெளியூர் அணி. அவர்களுடைய மானேஜர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “மாடு புடிக்கிறவங்களுக்கு எதுக்குப்பா இந்த ஆட்டம்? பொங்கல் வரட்டும், அங்க போங்க.”

“மாடு புடிக்கிறவன்தான். இருந்து பாத்துட்டுப் போங்க” என்றார் அண்ணன்.

கடைசி நிமிடம். இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி ஒருவன் பந்தோடு வந்தான். குறுக்கே திமில் அண்ணன் மட்டும். தழுவினார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இஸ்திரிப்பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் ஆறு, ஏழு என்று போய்க்கொண்டிருந்தது. அண்ணன் விடவில்லை. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது இருவரும் சாய்ந்தார்கள். நடுவர் விசில் அடித்தார். பனியன் எங்களுடையது.

சிறந்த ஆட்டக்காரர் பரிசாக முதலாளி அண்ணனுக்கு ஓர் எவர்சில்வர் அண்டா கொடுத்தார். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பீரோவிடம் போனார்.

“மூணுக்கு மேல பிடிச்சுட்டேன் தம்பி. பனியன் போயிரும்னு பிடிச்சேன். மொறைப்படி பரிசு ஒனக்குத்தான்.”

பிறகு மானேஜர் பக்கம் திரும்பினார். “பொங்கலுக்கும் வாங்க. அங்கயும் நாங்கதான் இருப்போம்.”

வெறுங்கையோடு திரும்பியவரின் கையை எட்டிப் பிடித்தேன். நடந்தோம்.

“மாப்ள, மூணு எட்டு நடந்தாச்சு. கைய விடணும்ல?” என்றார்.

லோடு வண்டி நின்ற இடம் வரைக்கும் நான் விடவில்லை.