பின்சீட்டுக்கு ஒரு கிளட்ச்

"டொக்!"

சிங்கப்பூர் ஈசூன் சிக்னலில் சவரிராஜின் ஹெல்மெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி பிரிஜட்டின் ஹெல்மெட் மீண்டும் ஒருமுறை மோதியது. சர்ச் வாசலில் இறங்கிய பிரிஜட் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"என்னங்க, நம்ம கல்யாண நாள் பூசைக்கும் இந்த வண்டியிலதானே போகணும்னு சொல்றீங்க? அன்னைக்கும் இப்படித் தலை இடிச்சுதுன்னா, அப்புறம் நான் பின்னாடி உக்காரவே மாட்டேன். சொல்லிட்டேன்."

வாரம் முழுக்கச் சாங்கியில் ஒரு சரக்குக் கிடங்கில், தன் மகன் வயதுள்ள மேனேஜரிடம் திட்டு வாங்குகிற மனிதர் சவரிராஜ். ஞாயிறு காலை சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கில் மனைவியை ஏற்றிக்கொண்டு சர்ச் வளாகத்துக்குள் உறுமிக்கொண்டு நுழைகிற அந்த ஒரு நிமிடம்தான் அவருடைய ராஜ்ஜியம். பின்சீட்டு காலியாக இருந்தால் அதில் என்ன மிச்சம்? சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிக்காரர் என்றல்லவா நினைப்பார்கள்!

"தப்பு என்மேல இல்ல பிரிஜட். கியரைக் குறைக்கிறப்ப பின்சக்கரம் துள்ளுது. ஸ்லிப்பர் கிளட்ச் போட்டாச் சரியாயிடும்."

"ஏங்க, அதுக்கு ஏன் கிளட்ச்? கியரைக் குறைக்கும்போது கொஞ்சம் நிதானமா..."

"உனக்கு இதெல்லாம் புரியாது லா! நம்ம கிரைண்டர்ல மாவு கெட்டியானா பெல்ட் வழுக்குமில்ல? அந்த மாதிரி, எஞ்சின் சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கிறப்ப இந்தக் கிளட்ச் லேசா வழுக்கிக் குடுத்துடும். வண்டி துள்ளாது."

"அப்படியா?" என்று பிரிஜட் மிகவும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

எந்தக் கிளட்ச் வாங்குவது என்று சவரிராஜ் தன் 'ஈசூன் புயல்கள்' பைக் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. இத்தாலிக் கட்சி, ஜப்பான் கட்சி, தைவான் கட்சி என்று புயல்கள் மூன்றாகப் பிரிந்து அடித்துக்கொண்டன. நடுவில் ஒருவர் தேக்காவில் நல்ல மட்டன் பிரியாணி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதற்குத்தான் அதிகம் பேர் உருப்படியாகப் பதில் சொன்னார்கள்.

குழுவில் உரக்கப் பேசுகிறவர் அண்ணாதுரை. பைக்கை விற்றுவிட்டு எம்ஆர்டி ரயிலில் போகத் தொடங்கிப் பல வருடமாயிற்று. ஆனால் அறிவுரை வழங்குவதை மட்டும் விற்கவில்லை. அவரே சவரிராஜை ஜாலான் புசாரில் உள்ள உதிரிபாகக் கடைக்கு அழைத்துப் போனார்.

"இத்தாலிய ஐட்டம்தான் கெத்து. பாருங்க, தங்கக் கலரு!"

"எஞ்சின் மூடிக்குள்ள போயிட்டா யாருக்கு சார் தெரியப் போவுது?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத் தெரியும்ல!" என்றார் சவரிராஜ், ஏற்கெனவே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் ஜெய்க்குப் போன் போட்டுச் சொன்னார். "இருக்கிற கிளட்ச்சே நல்லாத்தானே இருக்குண்ணே" என்று ஜெய் இழுத்தான். வியாபாரம் செய்யத் தெரியாத பையன் என்று சவரிராஜ் பரிதாபப்பட்டார். மறுநாள் வழக்கம்போலச் சாவியையும் புதுக் கிளட்ச்சையும் பிரிஜட்டிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் திரும்பியபோது, வேலை முடிந்து வண்டி அவர்கள் குடியிருந்த புளோக்குக்குக் கீழே தயாராக நின்றது. பட்டறைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு அலைகிற தொல்லை அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

அன்று வீட்டில் சமையல் இல்லை. பிரிஜட் இடது கையை உதறிக்கொண்டே பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"என்னாச்சு கைக்கு?"

"சுளுக்கு."

மறுநாள் வண்டியை எடுத்ததும் சவரிராஜுக்கும் சுளுக்கியது. அந்தத் தங்கக் கிளட்ச்சின் ஸ்பிரிங்குகள் பயில்வான்களுக்கென்றே செய்தவை. லீவரை அமுக்க அமுக்க இடது கை வீங்கியது. ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கைகூப்பப் பார்த்தார். விரல்கள் லீவரைப் பிடித்த வாக்கில் அப்படியே மடங்கி நின்றன. பக்கத்து பெஞ்சுப் பெரியவர், தன்னைக் குத்த வருகிறார் என்று பயந்து நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானே? ஸ்பிரிங்கை மாத்துங்க லா. ரொம்ப சாஃப்டா இருக்கிறதாப் பார்த்துப் போடுங்க" என்றார் அண்ணாதுரை.

"சாஃப்டாப் போட்டா வழுக்கும்ணே" என்றான் ஜெய்.

"வழுக்கத்தானே காசு குடுத்து வாங்கியிருக்கேன்? போடு!"

போட்டான். லீவர் வெண்ணெயாக இருந்தது. வண்டிதான் நகரவில்லை. அடுக்குமாடிக் கார்ப்பார்க் சரிவில் எஞ்சின் வானத்துக்கும் பூமிக்குமாக அலறியது. வண்டி ஆமை வேகத்தில் ஏறியது. காய்கறிப் பையோடு நடந்து வந்த ஒரு சீன ஆன்ட்டி அவரைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அங்கிள், சம்திங் பர்னிங் லா!" என்றார்.

எரிந்தது கிளட்ச் பிளேட். சவரிராஜின் அடிவயிறும்தான்.

கல்யாண நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வண்டி லாரியில் ஏறிப் பட்டறைக்குப் போனது. அண்ணாதுரையின் நம்பரைச் சவரிராஜ் பிளாக் செய்தார். ஜெய்யிடம் முழுச் சரணாகதி அடைந்தார்.

"நீயே ஒண்ணு தேர்ந்தெடுத்துப் போடுப்பா. எந்த நாட்டுதா இருந்தாலும் சரி, என் வொய்ஃப் தலை என் தலையில இடிக்கக் கூடாது. என் குடும்பமே உன் கையிலதான் இருக்கு."

ஜெய் ஜப்பான் கிளட்ச் ஒன்றை அளவான ஸ்பிரிங்கோடு பொருத்தினான். சனிக்கிழமை சவரிராஜ் வேலையிலிருந்து திரும்பியபோது வண்டி கீழே பளபளவென்று நின்றது. அதன் டாங்கைத் தடவிக்கொடுத்து, மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியும் நேர்ந்துகொண்டார். வீட்டில் பிரிஜட் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி இப்ப நல்லா இருக்கும் பாருங்க" என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா, ஒரு நம்பிக்கைதான்."

ஞாயிறு காலை. புதுச் சல்வார் கமீஸில் பிரிஜட் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் சிக்னல்கள் பச்சையாகவே இருந்தன. சவரிராஜின் நெஞ்சு நிறைந்தது. சர்ச் வளாகம் வந்தது. வாசலில் கூட்டம். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்க வேண்டுமே! வழக்கம்போலக் கியரை மளமளவென்று குறைத்தார், எஞ்சின் உறும, பின்சக்கரம் துள்ள...

"டொக்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

பிரிஜட் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "இனிமே நான் பின்னாடி உக்காரவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

கல்யாண நாளும் அதுவுமாக, ரெண்டு ஹெல்மெட்டோடு தனியாக நின்ற சவரிராஜுக்கு அழுகை வந்தது. அது கோபமாக மாறியதும் போனை எடுத்தார்.

"டேய் ஜெய்! என் மானமே போச்சுடா! ரெண்டு கிளட்ச் மாத்தியாச்சு, வண்டி இன்னும் குதிக்குது! நேத்து இதை ஈசூனுக்கு ஓட்டிட்டு வந்தானே உன் கடை ஆளு, அவனுக்குக்கூடவா அது தெரியல?"

ஜெய் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"என் கடையில ஆளே கிடையாதுண்ணே, பிரிஜட் அக்கா லைசென்ஸ் எடுத்த நாள்லேருந்து அவங்கதானே வண்டியை ஓட்டிட்டு வந்து ஓட்டிட்டுப் போறாங்க... அவங்க கையில இது ஒரு தடவைகூடக் குதிச்சதில்லையே!"