ராணி அசையாமல் இருக்க வேண்டும்

ராணி மறுபடியும் சோபாவுக்குக் கீழே ஓடிவிட்டது.

“அது அசையாமல் இருந்தால்தானே, அப்பா, படம் கீறலாம்,” என்றாள் மெலிசா, பலகையும் தூரிகையுமாக.

“போட்டோ எடுத்து, அதைப் பார்த்துக் கீறன்.”

“இல்லையப்பா. அந்தக் காலத்துப் பிளெமிஷ் ஓவியர், பெல்ஜியம் பக்கத்து ஆக்கள், மிருகத்தை உயிரோட முன்னால வைச்சுத்தான் கீறுவினமாம். ஒரே பலகையில நாலைஞ்சு விதமா. வகுப்பில காட்டினவை.”

அமிர்தநாதருக்கு வகுப்பிலும் நம்பிக்கையில்லை, பெல்ஜியத்திலும் நம்பிக்கையில்லை. ஆனால் ராணி, செத்துப்போன மனைவி யூஜினி வளர்த்த பூனை. அதற்கு இனி ஒரு மாதம்தான் என்று பூனை டொக்டர் சொல்லிவிட்டாராம். போன கிழமை மெலிசாதான் அழுதழுது வந்து சொன்னாள். யூஜினியின் பூனையாவது சுவரில் இருக்கட்டும் என்று அவரே கேட்ட படம் இது.

பிளாசாக் கடையில் வாங்கிய பொரித்த சூடை மீனை நீட்டினார். ராணி வந்தது, தின்றது, முகத்தை வாலுக்குள் புதைத்துக்கொண்டு படுத்தது.

“முகம் தெரியேல்லை அப்பா.”

அகப்பையால் தட்டில் அடித்தார். பூனை திரைச்சீலையில் பாய்ந்து ஏறியது. கம்பி கழன்று சீலையோடு அவர் தலையில் விழுந்தது. பூனை திரும்பவும் சோபாவுக்குக் கீழே.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரும் தவழ்ந்து போனார். அந்த வயிற்று நோவைப் பற்றி அவருடைய டொக்டர் போன கிழமை இங்கிலிஷில் அரை மணித்தியாலம் கதைத்ததை, மெலிசா ஒரே சொல்லில் தமிழாக்கியிருந்தாள்: “கேஸ்.” வெள்ளைக்காரனுக்கு வாய்வுக்கும் இவ்வளவு கதை வேணும்.

“சாகப்போறதின்ர பாய்ச்சலைப் பார்!”

“அப்பிடியே இருங்கோ!”

“ஆர், நானோ பூனையோ?”

மெலிசாவின் தூரிகை மட்டும் ஓடியது. பூனை வெளியே வருமென்று சோபாவில் காத்திருந்த கிழவர் அப்படியே தூங்கிப்போனார்.

பின்னேரம் பக்கத்து வீட்டுக் குலசிங்கம் தேத்தண்ணிக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு இவர்களைக் காரில் ஏற்றி இறக்குகிறவர் அவர்தான். அமிர்தநாதர் பெருமையோடு பலகையைத் திருப்பினார்.

தவழுகிற அமிர்தநாதர். மீன் நீட்டுகிற அமிர்தநாதர். தலையில் சீலையோடு அமிர்தநாதர். வாய் பிளந்து தூங்குகிற அமிர்தநாதர். மூலையில் ஒரு வால்.

“பார் குலசிங்கம், இவளின்ர படிப்பை! சாகப்போற சீவனைக் கீறடி எண்டால், ஆரைக் கீறி வைச்சிருக்கிறாள் பார்!”

மெலிசா குசினிக்குள் ஓடினாள். குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிள்ளை சரியாத்தான் கீறியிருக்கிறாள், அண்ணை.”